உள்ளே நடக்கும் உள்குத்து!

போதை ஊசியால் எச்.ஐ.வி. வரும்னு எல்லோருக்கும் தெரியும். வந்த பிறகும் அந்தப் போதை தொடர்ந்தா, உடம்புக்குள்ள என்னதான் நடக்குது? ஒரு இன்சைடு ரிப்போர்ட்!

2024 ஜூலை மாசம். உங்க கிளாஸ் குரூப்பிலும் அந்த ஃபார்வர்ட் வந்திருக்கும். 'திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி... 47 பேர் மரணம்!' ஏதோ ஒரே வாரத்துல ஒரு காலேஜே கவிழ்ந்துபோன மாதிரி ஆளாளுக்கு ஷாக் ஸ்மைலி போட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அடுத்த மீம் வந்துச்சு. மறந்துட்டோம்.

அந்த எண்கள் நிஜம்தான். ஆனா, ஒரு வாரத்துக் கணக்கு இல்ல. 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை, பதினேழு வருஷத்துல அந்த மாநிலத்தின் ஏ.ஆர்.டி. மையங்கள்ல பதிவான மாணவர்களோட மொத்தக் கணக்கு அது. திரிபுரா எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கமே இதை விளக்கிச் சொன்னது. அந்த 828 பேர்ல 572 பேர் அப்போ உயிரோட இருந்தாங்க. இலவச மருந்தும் கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு. முக்கியக் காரணமா அதிகாரிகள் கைகாட்டினது, பசங்க பகிர்ந்துக்கிட்ட போதை ஊசியை!

ஒரே சிரிஞ்சை நாலு பேர் போட்டா ஒருத்தர் ரத்தத்துல இருக்கிற வைரஸ் மத்த மூணு பேருக்கும் போகும். இது எட்டாம் கிளாஸ் பாடம். நாம இங்கே பேசப்போறது அதுக்கு அடுத்த சேப்டர். ஊசியை விடுங்க... அதுக்குள்ள இருக்கிற சரக்கு என்ன பண்ணுது? ஏற்கெனவே எச்.ஐ.வி. இருக்கிற ஒருத்தர் உடம்புல அது கூட்டாளியா, எதிரியா, உள்குத்து பார்ட்டியா?

இதைப் புரிஞ்சுக்க ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்குவோம். வயசு 21. பேரு வேண்டாம், 'நம்மாளு'ன்னே வெச்சுக்குவோம். நம்மாளுக்கு ஊசிப் பழக்கம். டெஸ்ட்ல பாசிட்டிவ். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆனா, பழைய பழக்கம் இன்னும் விடலை. கட்டுரை முடியுற வரைக்கும் நம்மாளு நம்மகூடவே வருவார்.

யார் இந்த 'ஓபியாய்டு'?

கஞ்சா ஒரு குடும்பம். ஓபியாய்டு வேற குடும்பம். கசகசா செடியோட காயைக் கீறினா பால் வடியும். அது காய்ஞ்சா அபின். அபின்ல இருந்து எடுக்கிறது மார்ஃபின், கோடீன். மார்ஃபினை ரசாயனத்தால கொஞ்சம் மாத்தினா ஹெராயின். அதோட கலப்பட வடிவம்தான் 'பிரவுன் ஷுகர்'. ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால் எல்லாம் ஃபேக்டரியில பிறந்த பிள்ளைங்க. மெத்தடோன், புப்ரினார்ஃபின்கூட இந்தக் குடும்பம்தான். ஆனா, அவங்க ரெண்டு பேரும் கதையோட கடைசியில வேற வேஷத்துல வருவாங்க. வெயிட் பண்ணுங்க!

இந்தக் குடும்பத்துல யாரும் முழு வில்லன் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். கேன்சர் நோயாளியோட தாங்க முடியாத வலிக்கு மார்ஃபின் ஒரு வரப்பிரசாதம். டாக்டர் அளந்து கொடுத்தா மருந்து. நாமளா அள்ளிப் போட்டுக்கிட்டாதான் வம்பு.

இந்தியாவுல எவ்வளவு பேர்? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்ற கணக்கு: ஓபியாய்டு பயன்படுத்துறவங்க சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். ஊசியா போட்டுக்கிறவங்க மட்டும் சுமார் எட்டரை லட்சம்.

பூட்டும் கள்ளச்சாவியும்

நம்ம உடம்பே வலியைக் குறைக்க 'எண்டார்ஃபின்'னு ஒரு சமாசாரம் தயாரிக்குது. மூளை செல்களோட மேல்பரப்புல அதுக்குன்னே பூட்டு இருக்கு. எண்டார்ஃபின்தான் ஒரிஜினல் சாவி. மார்ஃபினும் ஹெராயினும் அதே பூட்டைத் திறக்கிற கள்ளச்சாவி. அதனாலதான் அந்த மிதப்பு.

இதுவரை எல்லோருக்கும் தெரிஞ்ச கதை. ட்விஸ்ட் என்னன்னா, அந்தப் பூட்டு மூளையில மட்டும் இல்ல. 1979-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த விப்ரானும் அவரோட சகாக்களும் மனுஷ ரத்தத்துல இருக்கிற டி-செல்கள்லயும் மார்ஃபினுக்கான பூட்டு இருக்கிறதுக்கு ஆதாரம் கொடுத்தாங்க. டி-செல்னா யாரு? நம்ம நோய் எதிர்ப்புப் படையோட முக்கியமான ஆளுங்க. அதாவது, ஒருத்தர் போதைக்காக மூளைக் கதவைத் திறக்கும்போது, போலீஸ் குவார்ட்டர்ஸ் கதவும் சேர்ந்து திறக்குது!

இந்தச் சந்தேகம் அதுக்கு முன்னாடியே இருந்தது. 1898-லயே ருமேனிய விஞ்ஞானி கான்டகூசினோ, அபின் வகை மருந்து கொடுத்த கினி பன்றிகள் கிருமியை எதிர்த்து நிக்க முடியாமத் தடுமாறுறதைக் கவனிச்சார். எச்.ஐ.வி.ங்கிற பேரே உலகத்துக்குத் தெரியாத காலம் அது.

கேப்டனைத் தூக்கும் வைரஸ்

எச்.ஐ.வி. என்ன பண்ணும்? நோய் எதிர்ப்புப் படையில 'சி.டி.4' செல்னு ஒரு கேப்டன் இருக்கார். அவர் நேரா சண்டை போடறதை விட, யார் எங்கே நிக்கணும், எப்போ அடிக்கணும்னு ஃபீல்டிங் செட் பண்றதுதான் அதிகம். வைரஸ் குறிவெச்சுத் தூக்குறது அந்த கேப்டனைத்தான். ஆரோக்கியமானவங்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல ஏறக்குறைய 500-ல இருந்து 1,500 சி.டி.4 செல்கள் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினா, அதைத்தான் எய்ட்ஸ் கட்டம்னு சொல்றாங்க.

கேப்டன் வீட்டுக்குள்ள நுழைய வைரஸுக்கு ரெண்டு பிடி வேணும். ஒண்ணு சி.டி.4. இன்னொண்ணு பெரும்பாலும் 'சி.சி.ஆர்.5'னு ஒரு கைப்பிடி. இங்கேதான் ஓபியாய்டோட முதல் உள்குத்து. செல்களை மார்ஃபினோட வெச்சுப் பார்த்த ஆய்வகச் சோதனைகள்ல, அந்த சி.சி.ஆர்.5 கைப்பிடிகள் அதிகமா முளைச்சது தெரியவந்துச்சு. வைரஸுக்குக் கதவுல எக்ஸ்ட்ரா கைப்பிடி மாட்டிக் கொடுத்த மாதிரி! அதுக்கு முன்னாடியே, 1990-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவுல பீட்டர்சன் குழு, மார்ஃபின் இருந்தா மனுஷ ரத்த செல்கள்ல எச்.ஐ.வி. அதிகமா வளருதுன்னு ஆய்வகத்துல காட்டியிருந்தாங்க.

நம்மாளு விஷயத்துல இதுக்கு அர்த்தம்? வைரஸ் கேப்டனை வேட்டையாடுது. அவர் போட்டுக்கிற சரக்கு, வேட்டைக்காரனுக்கு வழி காட்டுது.

குடல்ல ஒரு ஓட்டை

நோய் எதிர்ப்புப் படையோட பெரிய கேம்ப் எங்கே இருக்குன்னு நினைக்கிறீங்க? வயித்துல! குடல் சுவரை ஒட்டித்தான். ஏன்னா, குடலுக்குள்ள கோடானுகோடி பாக்டீரியா குடித்தனம் நடத்துது. உள்ளேயே இருக்கிற வரைக்கும் அதுங்க நல்ல பசங்க. சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தா கலாட்டா. அதனால அங்கே பாரா காவல் அதிகம்.

எச்.ஐ.வி. உடம்புக்குள்ள வந்த முதல் சில வாரத்துலயே இந்தக் குடல் கேம்ப்புல இருக்கிற சி.டி.4 செல்களைச் சூறையாடிடுது. சுவர் ஓட்டை ஆகுது. பாக்டீரியாவோட துணுக்குகள் ரத்தத்துல கசியுது. 2006-ல் வெளியான பிரெஞ்ச்லி, டூவெக் குழுவோட ஆராய்ச்சி இந்தக் கசிவைத் தெளிவா காட்டிச்சு. கசிஞ்சா என்ன? படைக்கு இருபத்துநாலு மணி நேரமும் சைரன் அடிச்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி பகல் தூங்காத போலீஸ்காரர் எப்படி இருப்பார்? டயர்டு. எரிச்சல். உண்மையான திருடன் வரும்போது கோட்டை விடுவார். இன்னொரு ஆபத்தும் இருக்கு. இப்படித் தூண்டிவிடப்பட்ட செல்கள்லதான் எச்.ஐ.வி. வசதியா வளரும். இந்த ஓயாத அழற்சி இதயத்தையும் ரத்தக்குழாயையும்கூட மெதுவா அரிக்கும்.

இப்போ ஓபியாய்டு என்ட்ரி! இந்தப் பழக்கம் இருக்கிறவங்ககிட்ட கேட்டா முதல்ல சொல்ற கம்ப்ளெயின்ட் என்ன தெரியுமா? மலச்சிக்கல். சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் சீரியஸ். குடல்லயும் அதே பூட்டு நிறைய இருக்கு. சாவி போட்டதும் குடலோட அசைவு குறையுது. உள்ளே இருக்கிறது தேங்குது. பாக்டீரியாக்களோட கூட்டணிக் கணக்கே மாறுது. எலிகள்ல நடந்த ஆய்வுகள்ல மார்ஃபின் குடல் சுவரையே கசிய வைக்கிறது தெரிஞ்சது.

வைரஸ் ஒரு பக்கம் சுவரை இடிக்குது, சரக்கு இன்னொரு பக்கம் இடிக்குது. நடுவுல மாட்டிக்கிட்டது நம்மாளோட குடல். 'எனக்கு ஒண்ணுமே ஆகலையே, ஸ்டெடியா இருக்கேனே'ன்னு அவர் சொல்லும்போதும் உள்ளே சைரன் அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

மூச்சு முட்டுற இடம்

அடுத்தது நுரையீரல். ஓபியாய்டு மூச்சை மெதுவாக்கும். இருமலை அடக்கும். இருமல் மருந்துல கோடீன் சேர்க்கிறதே அதுக்குத்தானே! ஆனா, இருமல்ங்கிறது நுரையீரலோட துடைப்பம். துடைப்பத்தைப் பிடுங்கிட்டா குப்பை உள்ளேயே தங்கும். கிருமியை விழுங்குற துப்புரவு செல்களும் மந்தமானா நிமோனியாவுக்குச் சிவப்புக் கம்பளம்தான்.

இது வெறும் எலிக் கதை இல்ல. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினரோட மருத்துவ ரெக்கார்டுகளை வெச்சு ஒரு ஆய்வு 2019-ல் வெளியாச்சு. டாக்டர் எழுதிக்கொடுத்த ஓபியாய்டு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நிமோனியா வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடுச்சு. எச்.ஐ.வி. இருக்கிறவங்ககிட்ட இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமா தெரிஞ்சது. கவனிங்க... இங்கே ஊசியும் இல்ல, கலப்படமும் இல்ல. சீட்டு எழுதி வாங்கின சுத்தமான மாத்திரை!

நம்ம ஊர்ல இதோட டி.பி.யையும் சேர்த்துக்கணும். எச்.ஐ.வி. இருக்கிறவங்க உயிரைப் பறிக்கிறதுல முதல் இடம் டி.பி.க்குத்தான். பிரவுன் ஷுகரை ஊசியா போடாம, ஃபாயில் பேப்பர்ல சூடாக்கிப் புகைக்கிற பார்ட்டிகளும் உண்டு. 'ஊசி இல்லைல... சேஃப்'னு அவங்க நினைப்பு. ஊசி மூலமா எச்.ஐ.வி. வர்ற ரிஸ்க் அங்கே இல்லைங்கிறது நிஜம். நுரையீரல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

அப்போ... கதை முடிஞ்சுதா?

இல்ல. இங்கேதான் நேர்மையா ஒரு விஷயம் சொல்லணும். ஆய்வகத் தட்டுல, எலியில தெரிஞ்ச அளவுக்கு, மனுஷங்ககிட்ட படம் அவ்வளவு தெளிவா இல்ல. அமெரிக்காவின் பால்டிமோர்ல 1988-ல் இருந்து ஊசிப் பழக்கம் உள்ளவங்களைப் பல வருஷமா பின்தொடர்ந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. அது மாதிரி பல நாட்டு ஆய்வுகள் இருக்கு. 'ஓபியாய்டு எடுத்தா எச்.ஐ.வி. நிச்சயமா வேகமா முத்தும்'னு எல்லா ஆய்வும் ஒரே குரல்ல சொல்லலை. ஏன்? மனுஷன் எலி இல்லையே! ஒருத்தர் சாப்பாடு, தூக்கம், சிகரெட், குடி, ஹெபடைட்டிஸ், ஜெயிலு, வீட்டு நிலைமைன்னு நூறு விஷயம் குறுக்கே வருது. தெருவுல விக்கிற பொட்டலத்துல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது.

ஆனா, ஒரு விஷயத்துல குழப்பமே இல்ல. நம்மாளு பிழைப்பாரா இல்லையான்னு தீர்மானிக்கிற நம்பர் ஒன் ஆள், கூட்டு மருந்து! தினமும் தவறாம மாத்திரை சாப்பிட்டா, பழக்கம் இருக்கிறவர் உடம்புலயும் வைரஸ் அடங்கத்தான் செய்யும். கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல நடந்து 2008-ல் வெளியான ஆய்வுல, கூட்டு மருந்து ஆரம்பிச்ச பிறகு ஊசிப் பழக்கம் உள்ளவங்களும் இல்லாதவங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயிர் பிழைச்சிருந்தாங்க. 'இவனுங்களுக்கு எதுக்கு மருந்து, எப்படியும் சாப்பிட மாட்டானுங்க'ன்னு பேசினவங்க வாயை அடைச்ச ரிசல்ட் அது.

அப்போ சிக்கல் எங்கே? அந்த 'தவறாம'ங்கிற வார்த்தையில! காலையில எந்திரிச்சதும் நம்மாளோட முதல் கவலை இன்னிக்குச் சரக்குக்கு என்ன வழிங்கிறது. அது தீர்ற வரைக்கும் மாத்திரை டப்பா ஞாபகமே வராது. கிடைச்சா மயக்கம். கிடைக்கலைன்னா உடம்பு முறிக்கும், மூக்கு ஒழுகும், வயிறு கலக்கும், தூக்கம் வராது. ரெண்டு நிலையிலயும் மாத்திரை மிஸ்! அந்த இழுபறியில உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எகிறும். அதுவும் எதிர்ப்புப் படையைத்தான் அமுக்கும். மாத்திரை அடிக்கடி விட்டுப்போனா வைரஸ் மருந்துக்கே பழகிடும். அப்புறம் அதே மருந்து வேலை செய்யாது.

ஆக, சரக்கோட பெரிய உள்குத்து குடல்லயோ நுரையீரல்லயோ மட்டும் இல்ல. நம்மாளோட டைம்-டேபிள்லதான்.

முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

'அப்போ நாளைக்கே ஒரேயடியா நிறுத்திட வேண்டியதுதானே!' - ஈஸியா சொல்லிடலாம். ரூம்ல பூட்டிவெச்சு நிறுத்தின பலபேர் திரும்பவும் அங்கேயே போயிருக்காங்க. அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கொஞ்ச நாள் இடைவெளி விட்டா உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிடும். பழைய அளவையே திரும்பப் போட்டா மூச்சே நின்னுடலாம்.

இங்கேதான் முன்னாடி சொன்ன மெத்தடோன், புப்ரினார்ஃபின் ஹீரோ வேஷத்துல வர்றாங்க. பேரு, மாற்று மருந்து சிகிச்சை. புப்ரினார்ஃபின் நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை. மெத்தடோன் குடிக்கிற மருந்து. தினமும் மையத்துல, கண்காணிப்புல கொடுப்பாங்க. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?'ன்னு உங்க மைண்ட் வாய்ஸ் கேட்குது. நியாயமான கேள்விதான். வித்தியாசம் என்னன்னா, இது மெதுவா ஏறி மெதுவா இறங்கும். மிதப்பும் இல்ல, முறிப்பும் இல்ல. ஊசி இல்ல. விடியக்காலையில சரக்கைத் தேடி ஓட வேண்டியதில்ல. நம்மாளுக்கு மறுபடி ஒரு டைம்-டேபிள் கிடைக்குது. காலேஜுக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். புப்ரினார்ஃபின் நோய் எதிர்ப்புப் படையை மார்ஃபின் அளவுக்கு அமுக்கிறதில்லன்னு விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கிறது ஒரு போனஸ்.

நம்பர் வேணுமா? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான அலசல், இந்தச் சிகிச்சையில இருக்கிறவங்களுக்குப் புதுசா எச்.ஐ.வி. தொத்துற வாய்ப்பு 54 சதவிகிதம் குறையுதுன்னு சொல்லுது. ஏற்கெனவே எச்.ஐ.வி. இருக்கிறவங்களைப் பத்தி 2016-ல் இன்னொரு தொகுப்பு வந்துச்சு. சிகிச்சையில சேர்ந்தவங்க கூட்டு மருந்தை ஒழுங்கா சாப்பிடுறதும் அதிகம், வைரஸ் அடங்குறதும் அதிகம். இந்தியாவுல தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துலயே இந்தச் சிகிச்சை இலவசமா கிடைக்குது.

ஒரு எச்சரிக்கை. டி.பி.க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், பழைய கூட்டு மருந்துகள்ல இருந்த எஃபாவிரன்ஸ், நெவிரபின் எல்லாம் ரத்தத்துல மெத்தடோன் அளவைக் குறைச்சிடும். திடீர்னு உடம்பு முறிக்கும். 'இந்த டி.பி. மாத்திரைதான் ஒத்துக்கலை'ன்னு நம்மாளு அதைத் தூக்கிப் போட்டுடுவார். விஷயம் ஒத்துக்காதது இல்ல, மெத்தடோன் அளவைக் கூட்ட வேண்டியதுதான். இப்போ பரவலா கொடுக்கிற டோலுடெக்ராவிர், மெத்தடோனோட பெருசா மோதுறதில்ல. ஆனா, ரிஃபாம்பிசினோட சேரும்போது டோலுடெக்ராவிர் டோஸையே மாத்தணும். அதனால ஒரு டாக்டர்கிட்ட சொன்னதை இன்னொரு டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. ப்ளீஸ்!

நம்ம ஊருக்கும் இதுக்கும்?

இந்தியாவுல எச்.ஐ.வி. முதன்முதலா கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, டாக்டர் நிர்மலா செல்லப்பன் சேகரிச்ச ரத்த மாதிரிகள்ல இருந்து. அதுக்குச் சில வருஷம் கழிச்சு, 1989-90ல் மணிப்பூர்ல ஊசிப் பழக்கம் உள்ளவங்க மத்தியில எச்.ஐ.வி. நுழைஞ்சது. மியான்மர் எல்லை பக்கத்துலயே இருந்ததால ஹெராயின் தாராளம். பரிசோதிச்சவங்கள்ல யாருக்குமே இல்லைங்கிற நிலைமை, ஆறே மாசத்துல ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருக்குங்கிற நிலைமையா மாறுச்சு. ஊசி மூலமா அது எவ்வளவு வேகமா ஓடும்ங்கிறதுக்கு அதுதான் பாடம்.

'அதெல்லாம் நார்த் ஈஸ்ட் சமாசாரம்'னு காலர் தூக்காதீங்க. வலி நிவாரணி மாத்திரையைப் பொடி பண்ணி, தண்ணியில கரைச்சு ஊசியா ஏத்திக்கிற பசங்க தமிழ்நாட்டுல போலீஸ்ல சிக்குற செய்தி சமீப வருஷங்கள்ல அடிக்கடி வருது. டாபென்டடால் அதுல அடிபடுற பேரு. வாயில போடறதுக்காகச் செஞ்ச மாத்திரையில மருந்து மட்டுமா இருக்கு? மாவு, டால்க் மாதிரி சேர்மானங்களும் இருக்கும். அது ரத்தத்துல கரையாது. சின்னக் குழாய்களை அடைக்கும், நரம்பு வீங்கும், சீழ் பிடிக்கும், இதய வால்வு வரைக்கும் கிருமி போகும். கூடவே ஹெபடைட்டிஸ் சி இலவச இணைப்பு. ஒரே ஆறுதல், ஹெபடைட்டிஸ் சி-யை இப்போ பெரும்பாலும் மூணு மாச மாத்திரையில குணப்படுத்திடலாம். அரசாங்கத் திட்டத்துல அதுவும் இலவசம்.

தேசிய அளவுல பெரியவங்க மத்தியில எச்.ஐ.வி. சுமார் 0.2 சதவிகிதம். ஊசிப் பழக்கம் உள்ளவங்க மத்தியில? 2021 கண்காணிப்புக் கணக்குப்படி சுமார் 9 சதவிகிதம். வித்தியாசத்தை நீங்களே பாருங்க.

ரைட்டா? ராங்கா?

'புது சிரிஞ்ச் யூஸ் பண்ணா பிரச்னையே இல்ல.' - பாதி ரைட். எச்.ஐ.வி. தொத்துறது பெரும்பாலும் தடுக்கப்படும். ஆனா, கரைக்கிற தண்ணி, கிண்ணம், பஞ்சு எல்லாம் பகிர்ந்தா ஹெபடைட்டிஸ் சி வரலாம். சரக்கு உள்ளே பண்ற வேலையும் நிக்காது.

'பழக்கம் இருந்தா கூட்டு மருந்து கொடுக்க மாட்டாங்க.' - ராங். பழக்கத்தை விட்டாதான் மருந்துங்கிற கண்டிஷன் எதுவும் கிடையாது. 2004-ல் இருந்து அரசு மையங்கள்ல கூட்டு மருந்து இலவசம். 2017-ல் இருந்து, சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் பாசிட்டிவ்னு தெரிஞ்ச உடனே ஆரம்பிக்கலாம்.

'எச்.ஐ.வி. இருக்கிறவங்க ஆபரேஷனுக்குக்கூட மார்ஃபின் போட்டுக்கக் கூடாது.' - ராங். டாக்டர் அளந்து, கண்காணிச்சு கொடுக்கிறதுக்குப் பயந்து வலியில துடிக்க வேண்டாம். உங்க நிலைமையை மட்டும் அவர்கிட்ட மறைக்காதீங்க.

'டெஸ்ட் எடுத்தா காலேஜுக்குத் தெரிஞ்சுடும்.' - ராங். 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. சம்மதம் இல்லாம டெஸ்ட் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது, பாசிட்டிவ்ங்கிற காரணத்துக்காக சீட்டையோ வேலையையோ பறிக்கக் கூடாது.

'சிகிச்சைக்குப் போனா போலீஸ் பிடிச்சுக்கும்.' - ராங். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோட 64-ஏ பிரிவு, பயன்படுத்தினதுக்காகவோ சிறிய அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்கு வந்தவர், தானா முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்துல சிகிச்சை எடுத்துக்கிட்டா விலக்கு கொடுக்குது. ஆனா, சிகிச்சையைப் பாதியில விடக் கூடாது. விக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது!

ஃப்ரெண்டா நீங்க என்ன பண்ணலாம்?

உங்க ரூம் மேட்டோ, ஹாஸ்டல் ஜூனியரோ நம்மாளு நிலைமையில இருந்தா... முதல்ல அட்வைஸ் மழையை நிறுத்துங்க. 'உன் குடல் ஓட்டையாயிடும்டா'ன்னு பயமுறுத்தினா அவர் உங்களைத்தான் விடுவார், சரக்கை இல்ல.

பதிலா, கூடப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில இருக்கிற 'நம்பிக்கை மையம்' வரைக்கும் போங்க. டெஸ்ட் இலவசம், ரகசியம். ரிசல்ட் நெகட்டிவ்னாலும் சமீபத்துல ஊசி பகிர்ந்திருந்தா, கவுன்சலர் சொல்ற நாள்ல மறுபடி டெஸ்ட் எடுக்கணும். ஏன்னா, வைரஸ் வந்த ஆரம்ப நாட்கள்ல டெஸ்ட்ல மாட்டாது. ஊசி பகிர்ந்தது நேத்து, முந்தாநாள்தான்னா இன்னும் வேகம் வேணும். 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, போதைப் பழக்கத்துல இருந்து வெளியே வர 14446. ரெண்டுமே கட்டணமில்லா எண்கள்.

யாராவது போட்டுட்டு, எழுப்பினா எழுந்திருக்காம, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானா... 'தூங்கட்டும், தெளிஞ்சுடும்'னு விட்டுடாதீங்க. அது தூக்கம் இல்ல. உடனே 108. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தனியா விட்டுட்டு ஓடாதீங்க. அந்தப் பத்து நிமிஷம் பக்கத்துல இருக்கிறதுதான் நட்பு.

மாத்திரை சாப்பிடுற நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால், மையத்துக்குப் போற நாள்ல பைக்ல ஒரு லிஃப்ட், ஒருநாள் சறுக்கிட்டா திட்டாம 'நாளைக்கு வாடா போலாம்'... இவ்வளவுதான். இதுக்கு மெடிக்கல் டிகிரி தேவையில்ல.

நம்மாளுக்கு வருவோம். ஒரு வருஷம் தள்ளிக் கற்பனை பண்ணுங்க. காலையில மையத்துல புப்ரினார்ஃபின். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு கூட்டு மாத்திரை. ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியாச்சு. அந்த நிலையில நீடிச்சா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்கு அவர்கிட்ட இருந்து பரவாதுங்கிறது நிரூபிக்கப்பட்ட உண்மை. கேப்டன் மெதுவா ஃபீல்டுக்குத் திரும்பி வர்றார். சைரன் சத்தம் குறைஞ்சிருக்கு. அரியர் ரெண்டு பாக்கி. அதுக்கும் அப்ளிகேஷன் போட்டாச்சு.

திரிபுரா ஃபார்வர்ட்ல 47-ஐப் பார்த்து நாம ஷாக் ஆனோம். அந்த 572-க்குள்ளயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். அடுத்த முறை அப்படி ஒரு ஃபார்வர்ட் வந்தா, ஷாக் ஸ்மைலி போடறதுக்கு முன்னாடி, ரெண்டு போன் நம்பரையும் சேர்த்து அனுப்புங்க ஃப்ரெண்ட்ஸ். யாருக்கோ அது தேவைப்படும். அந்த யாரோ, உங்க குரூப்லயே இருக்கலாம்!